மழலைக்கு ஏங்கும் இல்லமும் ஒரு மரபணுவும்

திருமணம் முடிந்து ஓராண்டு நிறைவுறும் முன்னரே நம் இல்லங்களில் ஒரு வினா எழத் தொடங்கிவிடுகிறது. "விசேஷம் ஏதேனும் உண்டா?" என்று அத்தை கேட்பார், அடுத்த வீட்டு அக்கா கேட்பார், கலியாணப் பந்தியில் அருகில் அமர்ந்த, முன்பின் அறியாதவரும் கேட்பார். அவ்வினா எப்போதும் பெண்ணை நோக்கியே வரும். பக்கத்தில் நிற்கும் கணவனை எவரும் கேட்பதில்லை. ஆண்டுகள் இரண்டு, மூன்று எனக் கழியும்போது வினா சுடுசொல்லாக மாறுகிறது. 'மலடி' என்னும் கொடுஞ்சொல் நம் நாவில் எத்துணை எளிதாக வந்துவிடுகிறது! 'மலடன்' என்னும் சொல்லும் நம் அகராதிகளில் உண்டு. ஆயினும் அதனை எவரேனும் வாய்விட்டுக் கூற நாம் கேட்டதுண்டா?

உலக சுகாதார நிறுவனம் 2023 ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, வயது வந்தோரில் ஆறு பேருக்கு ஒருவர் தம் வாழ்நாளில் ஒரு காலத்திலேனும் குழந்தைப் பேறின்மையை எதிர்கொள்கின்றனர். இது செல்வ நாடுகளுக்கும் ஏழை நாடுகளுக்கும் பொதுவானது. இத்தகைய தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடத்தில் ஆணின் உடற்குறைக்கும் பங்கு உண்டு என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த உண்மை. எனினும் முதலில் மருத்துவரிடம் அனுப்பப்படுபவள் மனைவியே. ஊசியும் மருந்தும் ஏற்பவளும் அவளே. கணவன் பரிசோதனைக்கு வரும்போது சில வேளை ஐந்தாறு ஆண்டுகள் வீணாகியிருக்கும்.

ஆணின் உடலுக்குள் எங்கே, எவ்வாறு குறை நேரக்கூடும் என்பதை ஒரு சிறு எடுத்துக்காட்டின் வாயிலாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அந்த எடுத்துக்காட்டு, கொழுப்பை உருவாக்கும் ஒரு மரபணு. கொழுப்புக்கும் குழந்தைக்கும் என்ன தொடர்பு என்று வியப்புறுகிறீர்களா? சற்றுப் பொறுமையுடன் தொடர்ந்து வாருங்கள்.

துணி வணிகர் கண்ட அற்புதம்

ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் வாழ்ந்த ஆண்டனி வான் லேவன்ஹூக் என்பவர் ஒரு துணி வணிகர். பல்கலைக்கழகப் படிப்பு இல்லாதவர். எனினும் தம் கையாலேயே கண்ணாடி வில்லைகளைத் தேய்த்து நுண்ணோக்கிகளை அமைத்தார். 1677 ஆம் ஆண்டில் அவர் அக்கருவியின் வழியே ஆணின் விந்துவைக் கூர்ந்து நோக்கியபோது, தலையும் வாலும் கொண்ட எண்ணற்ற நுண்ணுயிர்கள் நெளிந்து நீந்துவதைக் கண்டு திகைத்தார். லண்டன் ராயல் சொசைட்டிக்கு அவர் அதனை எழுதி அனுப்பினார். மனித இனம் விந்தணுவை முதன்முதலாகக் கண்ட கதை இதுவே.

ஒரு விந்தணுவின் நீளம், ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கே. அதன் தலையில் தந்தையின் மரபுச் செல்வத்தில் பாதி சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. தலையின் முற்பகுதியைத் தொப்பி போன்ற ஓர் உறை மூடியுள்ளது. தாயின் கருமுட்டையைச் சென்றடையும்போது, அதன் வெளிப்படலத்தைத் துளைத்து உட்புக உதவும் பொருள்கள் அத்தொப்பிக்குள்தான் உள்ளன. பின்னால் உள்ள நீண்ட வால் சாட்டையைப் போல் வீசி, விந்தணுவை முன்னோக்கிச் செலுத்துகிறது.

இவ்வணுவைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வு பெரும்பாலும் கொழுப்பினால் ஆனது. அது விறைப்பாக இருந்தால் வால் வளைந்து வீச இயலாது. தலைச் சவ்வு முட்டையின் சவ்வோடு இணையவும் இயலாது. ஆகவே விந்தணுவின் சவ்வு மிகவும் நெகிழ்வானதாக அமைதல் வேண்டும். அந்நெகிழ்வைத் தருவன சில சிறப்பு வகைக் கொழுப்பு அமிலங்கள். அவற்றுள் தலையாயது டி.எச்.ஏ. எனச் சுருக்கமாக வழங்கப்படும் டோகோசாஹெக்சனாயிக் அமிலம். நம் உடலில் இது மிகுதியாகக் காணப்படும் இடங்கள் மூன்று: மூளை, கண்ணின் விழித்திரை, விந்தணு.

கொழுப்பும் ஒரு தேவையே

கொழுப்பு என்றாலே உடல் பருமனும் மாரடைப்புமே இன்று நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் கொழுப்பே இல்லாமல் உயிர் வாழ இயலாது என்பதை 1929 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மின்னெசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்னும் தம்பதியர் மெய்ப்பித்தனர். கொழுப்பை முற்றிலும் நீக்கிய உணவை அவர்கள் எலிகளுக்கு அளித்தனர். எலிகளின் வளர்ச்சி நின்றது. தோலும் வாலும் செதில் செதிலாயின. இனப்பெருக்க ஆற்றல் குன்றியது. முடிவில் அவை மாண்டன. லினோலெயிக் அமிலம் என்னும் ஒரு கொழுப்பு அமிலத்தைச் சிறிதளவு சேர்த்தவுடன் நோய் நீங்கியதை 1930 இல் அவர்கள் அறிவித்தனர். 'இன்றியமையாக் கொழுப்பு அமிலம்' என்னும் கருத்து அவ்வாறு பிறந்தது.

இவ்வகையில் நம் உடலால் தானே ஆக்கிக்கொள்ள இயலாத அடிப்படைக் கொழுப்பு அமிலங்கள் இரண்டு. ஒன்று, நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஆகியவற்றில் மிகுதியாக உள்ள லினோலெயிக் அமிலம். இதனை ஒமேகா-6 குடும்பத்தின் தலைமகன் எனலாம். மற்றொன்று, ஆளிவிதையில் மிகுந்துள்ள ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். இது ஒமேகா-3 குடும்பத்தின் தலைமகன். இரண்டுமே 18 கரி அணுக்கள் கோக்கப்பட்ட சங்கிலிகள். விந்தணுவுக்கு வேண்டிய டி.எச்.ஏ.வோ 22 கரி அணுக்களும் ஆறு இரட்டைப் பிணைப்புகளும் கொண்ட நீண்ட சங்கிலி. 18 அணுக்கள் கொண்டதை 22 அணுக்கள் கொண்டதாக மாற்றுவது யார்? உடலின் உயிரணுக்களுக்குள் பணிபுரியும் நொதிகளே.

இந்நொதிகள் இரு வகை. ஒரு வகை, சங்கிலியில் இரண்டிரண்டு கரி அணுக்களாகச் சேர்த்து நீளமாக்கும். மற்றொரு வகை, சங்கிலியின் உரிய இடங்களில் இரட்டைப் பிணைப்புகளை ஏற்படுத்தும். அவ்வாறு பிணைப்பு ஏற்படும் இடந்தோறும் சங்கிலி வளையும். வளைய வளைய நெகிழ்வு கூடும். இவ்வேலையின் இறுதிக் கட்டம் வியப்புக்குரியது. 22 அணுச் சங்கிலியை முதலில் 24 அணுக்களாக நீட்டி, அதில் ஒரு பிணைப்பை ஏற்படுத்தி, அதன்பின் இரண்டு அணுக்களை வெட்டிக் குறைத்தே உடல் டி.எச்.ஏ.வைப் பெறுகிறது. தையற்காரர் துணியைச் சற்று நீளமாகவே வெட்டி, தைத்து முடித்தபின் மிகுதியைக் கத்தரிப்பதை இது நினைவூட்டும். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோவர்ட் ஸ்ப்ரெச்சர் குழுவினர் 1991 ஆம் ஆண்டில் இச்சுற்று வழியை வெளிப்படுத்தினர்.

எலோவல்-2 என்னும் மரபணு

நம் உடலின் ஒவ்வொரு நொதிக்கும் ஒரு கட்டளை எழுதப்பட்டுள்ளது. அக்கட்டளையே மரபணு. 22 அணுச் சங்கிலியை 24 ஆக நீட்டும் நொதிக்கு உரிய மரபணுவின் பெயர் எலோவல்-2. மனிதரில் இது ஆறாம் நிறப்புரியில் அமைந்துள்ளது. இரட்டைப் பிணைப்பை ஏற்படுத்தும் நொதிக்கு உரிய மரபணு ஃபாட்ஸ்-2. இது பதினோராம் நிறப்புரியில் உள்ளது. இரண்டும் ஒரே தொழிற்கூடத்தில் அடுத்தடுத்து அமர்ந்து வேலை செய்யும் இரு தொழிலாளர்கள் போன்றவை. ஒருவர் வராவிட்டால் மற்றவரின் உழைப்பும் பயன் தராது.

எலோவல்-2 இன் பணி டி.எச்.ஏ.வோடு முடிவதில்லை. விரைகளுக்குள் 28, 30 கரி அணுக்கள் வரை நீண்ட ஒமேகா-6 வகைச் சங்கிலிகளும் காணப்படுகின்றன. உடலின் பிற பகுதிகளில் இவை மிக அரிது. அந்நீண்ட சங்கிலிகளுக்கான வாயிலைத் திறப்பதும் எலோவல்-2 நொதியே.

இம்மரபணுக்கள் இல்லாமற்போனால் என்ன ஆகும்? இவ்வினாவுக்கு விடை காண அறிஞர்கள் சுண்டெலிகளை நாடினர். சுண்டெலிக்கும் இதே மரபணுக்கள் உண்டு.

இரு ஆய்வுகள், இரு பாடங்கள்

முதலாவது, அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மானபு நகமுரா என்பவரின் குழுவினர் நடத்திய ஆய்வு. ஃபாட்ஸ்-2 மரபணு செயலிழந்த சுண்டெலிகளை அவர்கள் உருவாக்கினர். அவற்றின் ஆண் எலிகளால் குட்டிகளைத் தர இயலவில்லை என்று 2009 இல் அறிவித்தனர். விந்தணுக்கள் முறையாக உருப்பெறவில்லை. தலையின் தொப்பியும் சரிவர அமையவில்லை. பின்னர் அந்த எலிகளின் உணவில் டி.எச்.ஏ.வைச் சிறிதளவு சேர்த்தனர். என்னே வியப்பு! விந்தணுக்களின் எண்ணிக்கையும் வடிவமும் சீரடைந்தன. இனப்பெருக்க ஆற்றல் முழுவதுமாகத் திரும்பியது. 2010 ஆம் ஆண்டில் இம்முடிவு வெளியாயிற்று. உடலுக்குள் ஆக்க இயலாத பொருளை உணவின் வழியே வெளியிலிருந்து அளித்ததும் குறை நீங்கிவிட்டது.

இரண்டாவது ஆய்வு, சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழக அறிஞர்கள் 2011 ஆம் ஆண்டில் வெளியிட்டது. எலோவல்-2 மரபணு முற்றிலும் இல்லாத ஆண் எலிகளில் விந்தணு உருவாக்கம் தொடக்க நிலையிலேயே நின்றுவிட்டது. விதைநெல் முளைவிட்டும் கதிர் வராதது போன்ற நிலை. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பிரதிகள் உள்ள இம்மரபணுவில், ஒரு பிரதி மட்டும் குறைந்த எலிகளிலும் விந்தணு ஆக்கம் பழுதுற்றது. இந்த எலிகளுக்கும் உணவில் டி.எச்.ஏ. கொடுத்துப் பார்த்தனர். முதல் ஆய்வில் கண்ட வெற்றி இங்கே கிட்டவில்லை. மரபணு அற்ற எலிகள் மலடாகவே இருந்தன. அவற்றின் விரைகளுக்கு வேண்டியிருந்தது டி.எச்.ஏ. மட்டுமன்று, 28, 30 அணுக்கள் கொண்ட அந்த நீண்ட சங்கிலிகளும் வேண்டியிருந்தன. அவற்றை அந்த உணவு ஈடுசெய்யவில்லை.

இவ்விரு ஆய்வுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வெளித்தோற்றத்தில் இரு கூட்டத்து எலிகளும் குட்டி ஈனாதவையே. காரணம் வெவ்வேறாக இருந்தமையால் ஒன்றுக்குப் பலித்த மருந்து மற்றொன்றுக்குப் பலிக்கவில்லை. காரணத்தை அறியாமல் மருந்தைத் தேடுவது வீண் என்பதே இவை புகட்டும் பாடம்.

சுண்டெலி மனிதன் அன்று என்பதையும் மறத்தலாகாது. மனிதரிடத்தில் இந்நொதிகளின் ஆற்றல் ஆளுக்கு ஆள், இனத்துக்கு இனம் வேறுபடுகிறது. கடல் உணவையே பெரிதும் நம்பி வாழ்ந்த கிரீன்லாந்தின் இனுயிட் மக்களிடம் ஃபாட்ஸ் மரபணுக்கள் அவ்வுணவுக்கு இசைவாக மாறியிருப்பதை 2015 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நம் நாட்டின் புனே நகரில் பெரும்பாலும் மரக்கறி உணவு கொள்ளும் மக்களைக் குறித்த மற்றோர் ஆய்வு 2016 இல் வெளிவந்தது. தாவரக் கொழுப்பிலிருந்து நீண்ட சங்கிலிகளை ஆக்கும் திறனைக் கூட்டுகின்ற ஃபாட்ஸ்-2 மாற்றத்தின் இரு பிரதிகளையும் கொண்டவர்கள் அவர்களில் 68 விழுக்காட்டினர். ஒப்புநோக்கப்பட்ட அமெரிக்கர்களிடமோ 18 விழுக்காட்டினரே. தலைமுறை தலைமுறையாக உண்ட உணவு மரபணுவிலும் தன் தடத்தைப் பதிக்கிறது. இவ்வாய்வுகள் மகப்பேற்றைக் குறித்தவை அல்ல. எனினும், மரக்கறி உண்பவன் ஆற்றல் குறைந்தவன் என்று இகழ்வோர் இதனை எண்ணிப் பார்ப்பது நலம்.

மனிதரில், விந்தணுவின் நீந்தும் ஆற்றல் குறைந்தவர்களிடத்தில் டி.எச்.ஏ.வின் அளவும் குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. ஆனால் மீன் எண்ணெய் மாத்திரைகளைக் கொடுத்துச் செய்த சோதனைகள் ஒருமித்த முடிவைத் தரவில்லை. மத்தி, கானாங்கெளுத்தி முதலிய மீன்கள் டி.எச்.ஏ. நிறைந்த நல்லுணவு; உண்பவர் உண்ணலாம். அவற்றை மலடு நீக்கும் மருந்தாக எண்ணிவிடலாகாது.

விளம்பரங்களும் உண்மையும்

பேருந்து நிலையச் சுவர்களிலும், இந்நாளில் கைபேசித் திரைகளிலும் ஆண்களைக் குறிவைத்து வரும் விளம்பரங்களை நாம் அறிவோம். லேகியம், சூரணம், மாத்திரை எனப் பலவும் விற்கப்படுகின்றன. ஓர் உண்மையை மட்டும் இங்கே கூற விரும்புகிறோம். ஆணின் விந்தணுவுக்கு நல்லதென உலகெங்கும் விற்கப்பட்ட துத்தநாகத்தையும் ஃபோலிக் அமிலத்தையும் அமெரிக்காவில் 2,370 ஆண்களிடத்தில் முறையாகச் சோதித்தனர். ஒரு சாராருக்கு அம்மருந்தும், மறுசாராருக்கு அதைப் போன்ற வெற்று மாத்திரையும் ஆறு மாதம் அளிக்கப்பட்டன. 2020 இல் வெளியான முடிவு என்ன? மருந்து உண்டவர்களில் 34 விழுக்காட்டினர் குழந்தை பெற்றனர். வெற்று மாத்திரை உண்டவர்களில் 35 விழுக்காட்டினர் பெற்றனர். விந்துவின் தரத்திலும் முன்னேற்றம் இல்லை.

மற்றுமொரு தவறான எண்ணத்தையும் களைதல் வேண்டும். தாம்பத்திய உறவில் எக்குறையும் இல்லாத, உடல் திடமும் மீசையும் கம்பீரமும் வாய்ந்த ஆணிடத்திலும் விந்தணு அறவே இல்லாதிருக்கக்கூடும். பொதுவாக ஆண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவருக்கு இந்நிலை உண்டு. ஆண்மை வேறு, விந்தணுவின் நலம் வேறு. மேற்கூறிய எலிகளின் குறை, கண்ணுக்குப் புலப்படாத ஒரு கொழுப்புச் சங்கிலியில் இருந்தது. அதில் வெட்கத்துக்கும் பழிக்கும் இடம் ஏது?

கணவன் செய்ய வேண்டுவது

ஓராண்டு இல்லறம் நடத்தியும் கருத்தரிக்காவிடில் கணவனும் மனைவியும் ஒருங்கே மருத்துவரை நாடுதல் வேண்டும். மனைவிக்கு வயது முப்பத்தைந்தைக் கடந்திருப்பின் ஆறு மாதத்திலேயே செல்வது நன்று. ஆணுக்கான முதற் பரிசோதனை எளியது, வலியற்றது, பெண்ணுக்குரிய பரிசோதனைகளை நோக்கச் செலவும் குறைவு. இரண்டு முதல் ஏழு நாள் வரை உறவைத் தவிர்த்தபின் இது செய்யப்படும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 ஆம் ஆண்டுக் கையேடு கூறும் கீழ் எல்லை, மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் விந்தணுக்கள். அவற்றில் நூற்றுக்கு 42 ஆவது அசையும் தன்மையுடன் இருத்தல் வேண்டும். எண் சற்றுக் குறைந்தால் உடனே மனமுடைய வேண்டியதில்லை. இவ்வெல்லைக்குக் கீழ் இருந்தும் தந்தையானோர் பலர். ஒரே சோதனையைக் கொண்டு முடிவுக்கு வராமல், மீண்டும் ஒருமுறை செய்து பார்ப்பதே முறை.

குறைக்குக் காரணங்கள் பல. விரையைச் சூழ்ந்த இரத்தக் குழாய்கள் புடைத்தல், பருவ வயதுக்குப்பின் வந்த பொன்னுக்கு வீங்கி, நிறப்புரிக் குறைகள், நுண்ணுயிர்த் தொற்று ஆகியவை அவற்றுட் சில. இவற்றுள் சிலவற்றைச் சிகிச்சையால் சீர்ப்படுத்த இயலும், சிலவற்றை இயலாது. எது எது என்பதைப் பரிசோதனையே கூறும்.

நம் கையில் இருப்பனவும் சில உண்டு. விந்தணுவின் நெகிழ்வான கொழுப்பு மிக எளிதில் கெட்டுப்போவது. புகையிலையின் நஞ்சு அதனைத் தாக்குகிறது. விரைகள் உடலின் வெப்பத்தைவிடச் சற்றுக் குறைந்த வெப்பத்திலேயே செவ்வனே இயங்குவன. ஆதலின் உலை முன்னும் கொதிகலன் அருகிலும் நாள் முழுதும் பணிபுரிவோர் அதனை மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும். உடலை முறுக்கேற்றுவதற்காக டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளும் இளைஞர்கள் அறிய வேண்டியது ஒன்றுண்டு: அவ்வூசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடும். ஒரு விந்தணு உருவாவதற்கு ஏறத்தாழ 74 நாள்கள் தேவை. ஆகவே இன்று கைவிட்ட தீய பழக்கத்தின் பயன் மூன்று மாதம் கழித்தே தெரியவரும். பொறுமை வேண்டும்.

குடும்பத்தார்க்கு ஒரு சொல்

மாமியார்மார்களே, நாத்தனார்களே! மருமகளிடம் வினவுமுன் ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். குறை அவளிடம் இருக்கலாம்; உங்கள் மகனிடமோ உடன்பிறந்தானிடமோ இருக்கலாம்; இருவரிடமும் இருக்கலாம்; எவரிடமும் கண்டறியப்படாமலும் போகலாம். எங்கே இருப்பினும் அஃது எவருடைய குற்றமும் அன்று. ஆறாம் நிறப்புரியில் ஒரு மரபணு எவ்வாறு அமைந்திருக்க வேண்டுமென்று எவரும் தாமே தேர்ந்து பிறப்பதில்லை.

கணவன்மார்களே! "முதலில் நான் பரிசோதித்துக்கொள்கிறேன்" என்று நீங்கள் கூறும் அந்த ஒரு வாக்கியம், உங்கள் மனைவியின் நெஞ்சிலிருந்து பல நாள் சுமையை இறக்கிவைக்கும். பரிசோதனையின் முடிவு எதுவாயினும் அதனை இருவரும் சேர்ந்தே கேளுங்கள். மருத்துவர் அறையில் இரண்டு நாற்காலிகள் போடப்பட்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்று உங்களுக்கு உரியது.